டிசம்பர் 31-ஐத் தாண்டும் டைரி



பழைய நோட்டு, புத்தகம் இருந்தால் கொடுங்கள், பள்ளிப் பிள்ளைகளுக்கு உதவும் என்று டிசம்பரில் நம் சங்க அறிவிப்புப் பலகையில் எழுதி வைத்தோமே, நினைவிருக்கிறதா? வந்ததைப் பிரித்து அடுக்கும் வேலையை என்னிடம் விட்டார்கள். நோட்டுகளை விட டைரிகளே அதிகம். மருந்துக் கம்பெனி, சிமெண்ட் கம்பெனி, நகைக் கடை, வங்கி என்று எல்லாம் அன்பளிப்பாக வந்தவை. எண்ணிப் பார்த்தேன், நாற்பத்தொன்று. எழுதிய பக்கங்களை மட்டும் கிழித்துவிட்டு மீதியைக் கொடுக்கலாம் என்று (படிக்காமல்தான்!) புரட்டிக்கொண்டு போனேன். பெரும்பாலானவற்றில் எழுத்து பொங்கலைத் தாண்டவில்லை. முதல் பக்கத்தில் பெயர், ரத்த வகை. ஜனவரி 1-ஆம் தேதி அழகான கையெழுத்து. நாலு நாள் பால் கணக்கு. அப்புறம் டிசம்பர் வரை ஒரே வெள்ளை.

இதைச் சோம்பல் என்று மட்டும் சொல்லிவிட எனக்கு மனமில்லை. அடுத்தவர் அளவுக்குத் தைத்த சட்டையை நாம் எத்தனை நாள் போட்டுக்கொள்வோம்? டைரியும் அப்படித்தான். இன்று கடையில் கிடைக்கும் பல வகை டைரிகளும், பிளானர்களும், ஆர்கனைசர்களும் ஏதோ ஒரு தொழில்காரரின் கவலைக்காக உண்டானவை, அல்லது அதன் வழியில் வந்தவை. அந்தக் கவலை உங்களுக்கும் இருந்தால் அந்த டைரி உங்களுக்குப் பொருந்தும். இல்லாவிட்டால் பொங்கலோடு நின்றுவிடும். இந்த ஆண்டு டைரி வாங்கும் முன் அந்தக் கதையைக் கொஞ்சம் கேளுங்கள். நடுவில் என் சொந்தக் கதையும் ஒன்று வரும். அதைச் சொல்லத்தான் இத்தனை பீடிகை.

மூன்று புத்தகம் வைத்த வியாபாரி

நான் படித்தது பி.காம். கணக்குப் பதிவியலின் முதல் பாடத்திலேயே ஒரு பெயர் வரும்: லூக்கா பசியோலி. இத்தாலியப் பாதிரியார், கணித ஆசிரியர். 1494-ல் வெனிஸ் நகரில் அச்சான அவருடைய கணிதப் பெருநூலில், வெனிஸ் வியாபாரிகள் கணக்கு எழுதும் முறைக்கு ஒரு பகுதியை ஒதுக்கியிருந்தார். இரட்டைப் பதிவு முறையை அச்சில் விளக்கிய நூல் என்று அதைத்தான் நாங்கள் பரீட்சையில் எழுதுவோம்.

அவர் சொன்னது மூன்று புத்தகம். முதலாவது நினைவுப் புத்தகம். நடந்ததை நடந்தவுடன் எழுதிப் போடுவதற்கு. வியாபாரி வெளியே போயிருந்தால் வீட்டில் இருப்பவர் யார் வேண்டுமானாலும் அதில் எழுதலாம், வேலையாட்கள் உட்பட. நம் ஊர்க் கடைகளில் சிட்டை என்பார்களே, கிட்டத்தட்ட அதுதான். இரண்டாவது, அதிலிருந்து தேதி வாரியாக ஒழுங்குபடுத்தி எழுதும் குறிப்பேடு. மூன்றாவது, ஆள் வாரியாக, இனம் வாரியாகப் பிரித்து எழுதும் பேரேடு.

ஐந்நூறு ஆண்டுக்கு முந்திய இந்தக் கணக்கு விஷயம் டைரிக்கு ஏன் என்று கேட்பீர்கள். நாம் டைரியில் தோற்பதற்கு முதல் காரணம் இங்கேதான் இருக்கிறது. போகிற போக்கில் கிறுக்குவதும், தேதிப்படி வைப்பதும், விஷயப்படி தேடி எடுப்பதும் மூன்று வேறு வேலைகள். வெனிஸ்காரர் மூன்று புத்தகம் வைத்துச் செய்த வேலையை நாம் ஒரே புத்தகத்தில், அதுவும் தங்க எழுத்துப் போட்ட தோல் அட்டைப் புத்தகத்தில் செய்யப் பார்க்கிறோம். அவ்வளவு அழகான பக்கத்தில் 'பிளம்பர் வரவில்லை' என்று எழுதக் கை வருவதில்லை. எழுதாமலே விட்டுவிடுகிறோம்.

ஒழுங்கில் தோற்ற பெஞ்சமின் பிராங்க்ளின்

நேரத்தைத் திட்டமிடுவது என்றாலே அமெரிக்காவில் சொல்லும் பெயர் பெஞ்சமின் பிராங்க்ளின். அச்சுத் தொழிலாளியாக வாழ்க்கையைத் தொடங்கி, அச்சக முதலாளியாகி, விஞ்ஞானியும் ராஜதந்திரியும் ஆனவர். இளம் வயதில் தனக்கென்று ஒரு சின்னப் புத்தகம் தயாரித்தார். பதின்மூன்று நற்குணங்கள், வாரத்தின் ஏழு நாட்களுக்கு ஏழு கட்டங்கள். தவறிய குணத்துக்கு நேரே அன்றைய கட்டத்தில் ஒரு கரும்புள்ளி. அதே புத்தகத்தில், இருபத்துநான்கு மணி நேரத்தையும் பிரித்து, எந்த நேரத்தில் என்ன வேலை என்று ஒரு பக்கம்.

புள்ளிகளை அழித்து அழித்துத் தாள் ஓட்டையாகிப் போனதாம். அதனால் தந்தத் தகடுகள் கொண்ட குறிப்பேட்டுக்கு மாறினார். கோடுகள் சிவப்பு மையில் நிரந்தரமாக இருக்கும். புள்ளியைப் பென்சிலால் வைத்து, ஈரப் பஞ்சால் துடைத்துக்கொள்ளலாம். நாம் பள்ளியில் சிலேட்டைத் துடைத்தது போல.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான் வருகிறது. பதின்மூன்று குணங்களில் தனக்கு மிகவும் தொல்லை கொடுத்தது 'ஒழுங்கு'தான் என்று அவரே சுயசரிதையில் ஒப்புக்கொள்கிறார். காரணமும் சொல்கிறார். கூலிக்கு அச்சுக் கோக்கும் தொழிலாளியின் நேரம் அவன் கையில் இருக்கும். அவனால் மணிக்கணக்குத் திட்டத்தைப் பின்பற்ற முடியும். முதலாளியோ நாலு பேரோடு பழகியாக வேண்டும், வருகிறவர்களை அவர்களுக்குத் தோதான நேரத்தில் பார்த்தாக வேண்டும். அவனால் முடியாது என்கிறார்.

நன்றாகக் கவனியுங்கள். டைரி தவறில்லை, ஆளும் தவறில்லை. வேலை மாறிவிட்டது, டைரி மாறவில்லை. 1984-ல் அமெரிக்காவில் அவர் பெயரையே வைத்து பிராங்க்ளின் பிளானர் என்று ஒன்று விற்பனைக்கு வந்தது, உலகெங்கும் அலுவலகங்களில் பிரபலமாயிற்று. அந்தப் பெயருக்கு உரியவர் தன் கால அட்டவணையைக் கடைப்பிடிக்க முடியாமல் திணறியவர் என்பதை நினைத்தால் நமக்கெல்லாம் கொஞ்சம் ஆறுதல்தான்.

பஞ்சாங்கத்திலிருந்து பிறந்த டைரி

வருடத்துக்கு ஒன்று, தேதி அச்சிட்டது என்ற நம் டைரி எங்கிருந்து வந்தது? பஞ்சாங்கத்திலிருந்து. மேல்நாட்டிலும் பஞ்சாங்கம் உண்டு. சூரிய உதயம், பிறை, சந்தை நாள், திருநாள் எல்லாம் போட்டு ஆண்டுதோறும் அச்சிடுவார்கள். அதன் தாள்களுக்கு நடுவே வெள்ளைத் தாளைச் செருகி வைத்து மக்கள் குறிப்பு எழுதிக்கொண்டார்கள். அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன்கூட அப்படி வெள்ளைத் தாள் சேர்த்த பஞ்சாங்கத்தில்தான் தன் பண்ணைக் குறிப்புகளை எழுதி வந்தார். சிவகாசித் தினசரி காலண்டரின் ராகுகாலத்துக்குப் பக்கத்தில் நாம் கேஸ் வந்த தேதியைக் குறிக்கிறோமே, அதே பழக்கம்.

1796-ல் லண்டனில், வியாபாரிகள் கூடும் ராயல் எக்ஸ்சேஞ்ச் கட்டடத்தில், ஜான் லெட்ஸ் என்பவர் காகிதக் கடை வைத்தார். அவருடைய வாடிக்கையாளர்களுக்கு இரண்டு கவலை. எந்தக் கப்பல் எப்போது வரும், எந்த உண்டியலுக்கு எப்போது பணம் கட்ட வேண்டும் அல்லது வாங்க வேண்டும். இரண்டுமே இனிமேல் வரப்போகும் தேதி. 1812-ல் லெட்ஸ் இவர்களுக்காகத் தேதியிட்ட ஆண்டு டைரியை அச்சிட்டு விற்றார். நடந்ததை எழுதி வைக்கும் புத்தகமாக இருந்த டைரி, நடக்கப்போவதைக் குறித்து வைக்கும் புத்தகமாகவும் ஆனது. விக்டோரியா ராணி காலத்தில் சட்டைப்பையில் அடங்குவது முதல் மேஜையை அடைத்துக்கொள்வது வரை பல அளவில், பல தொழிலுக்கு லெட்ஸ் டைரிகள் வந்தன.

நடந்ததை எழுதும் டைரிக்கு நம் பக்கத்து உதாரணமே உண்டு. பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை, 1736 முதல் 1761-ல் தாம் இறக்கும் வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். அவரும் வியாபாரிதான், கப்பல் வந்ததையும் போனதையும் சரக்கு விவரத்தையும் எழுதியவர்தான். கவர்னர் டூப்ளே பேசியது முதல் ஊர்ச் சண்டை வரை அதில் இருக்கிறது. ஆங்கில மொழிபெயர்ப்பே பன்னிரண்டு தொகுதி. சரித்திரக்காரர்களுக்கு அது புதையல். ஆனால் அது நினைவைக் காக்கும் டைரி. கெடு தேதியைக் காக்கும் டைரி வேறு. கடையில் இரண்டும் ஒரே அலமாரியில் இருக்கும். உங்களுக்கு எது வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

வராத டைரியும் வந்த மெமோவும்

இப்போது என் கதை. 1980-களில் ஒரு தாலுகா ஊரில், வங்கிக் கிளையின் கடன் பிரிவில் நான் கிளார்க். கம்ப்யூட்டர் கிடையாது. ஒவ்வொரு கிளையிலும் கெடுத் தேதி டைரி என்று ஒன்று இருக்கும். எந்த நாளில் எந்த டெபாசிட் முதிர்கிறது, எந்த பில் கட்ட வேண்டும், எந்த இன்சூரன்ஸ் புதுப்பிக்க வேண்டும் என்று அந்தத் தேதியின் பக்கத்தில் முன்கூட்டியே எழுதி வைப்போம். காலையில் வந்ததும் அன்றைய பக்கத்தைத் திறந்து பார்ப்பதுதான் முதல் வேலை.

அதில் ஒரு முக்கியமான பதிவு உண்டு. கேட்டவுடன் பணம் தருகிறேன் என்று எழுதிக்கொடுக்கும் பிராமிசரி நோட்டுக்கு, காலவரையறைச் சட்டப்படி, எழுதிய நாளிலிருந்து மூன்று வருடம்தான் ஆயுள். அதற்குள் கடன்காரர் கொஞ்சம் பணமாவது கட்டி அதை எழுத்தில் காட்டியிருக்க வேண்டும், அல்லது 'இவ்வளவு பாக்கி இருக்கிறது' என்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்ட கடிதம் வாங்கியிருக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் கெடு தாண்டினால் கோர்ட்டுக்குப் போக முடியாது. 'டைம் பார்' என்போம். வங்கியில் அதைவிடப் பயமான வார்த்தை குறைவு.

சிக்கல் என்னவென்றால் நோட்டுக்கு ஆயுள் மூன்று வருடம், டைரிக்கு ஆயுள் ஒரு வருடம். ஆகவே டிசம்பர் கடைசியில் உட்கார்ந்து, இந்த வருட டைரியின் கடைசிப் பக்கங்களில் குறித்து வைத்திருக்கும் வருங்காலத் தேதிகளை எல்லாம் புது டைரிக்கு மாற்ற வேண்டும். நான் சொல்லும் வருடத்தில் புது டைரி ஜனவரி பாதியில்தான் வந்து சேர்ந்தது. அதற்குள் ஆண்டுக் கணக்கு முடிப்பு, வெள்ளையடிப்பு. பழைய டைரி பரணுக்குப் போய்விட்டது. இறக்கி எடுத்து மாற்ற வேண்டும் என்று எனக்குத் தெரியும். நாளைக்கு, நாளைக்கு என்று இருந்துவிட்டேன். பிறகு மறந்தே போனேன்.

மறு வருடம் இன்ஸ்பெக்‌ஷனில் ஒரு நோட்டு கிடைத்தது. பாக்கி பதினெட்டாயிரத்துச் சொச்சம். கெடு தாண்டி இரண்டு மாதம். கடன் வாங்கியவர் அதற்குள் காலமாகியிருந்தார். நானும் மேனேஜரும் மூன்று முறை அந்த வீட்டுக்குப் போனோம். பிள்ளைகள் திண்ணையில் உட்கார வைத்து மோர் கொடுத்தார்கள். கையெழுத்து மட்டும் போடவில்லை. யாரோ அவர்களுக்குச் சட்டத்தைச் சொல்லியிருந்தார்கள். அதில் அவர்கள் மீது எனக்கு இன்றும் வருத்தமில்லை.

விளக்கம் கேட்டு மேனேஜருக்கு மெமோ வந்தது. ஓய்வு பெற அவருக்குப் பத்து மாதம் இருந்தது. 'டைரி லேட்டா வந்துச்சு சார்' என்று அவரிடம் சொன்னேன். அது உண்மைதான். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. 'டைரி வரலை சரி தம்பி, வெள்ளைத் தாள் இருந்துச்சே' என்றார். அவ்வளவுதான். அவர் அனுப்பிய பதிலின் நகல் பின்னாளில் ஃபைலில் என் கண்ணில் பட்டது. என் பெயர் அதில் எங்கும் இல்லை. மேற்பார்வைக் குறைவு தன்னுடையது என்று எழுதியிருந்தார்.

நான் அவரிடம் நன்றி சொல்லவில்லை. சொன்னால் தவறை ஒப்புக்கொண்டது போலாகிவிடும் என்று அந்த வயதில் ஒரு பயம். அவர் இப்போது இல்லை.

வளையத்தில் கோத்த தாள்கள்

வெள்ளைத் தாள் இருந்துச்சே என்று அவர் சொன்னதை ஒரு தொழிலாகவே செய்தவர்கள் இருக்கிறார்கள் என்பது பல வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. 1910 வாக்கில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் லீஃபாக்ஸ் என்று ஒரு கம்பெனி. என்ஜினீயர்களுக்கு வேண்டிய அட்டவணைகள், சூத்திரங்கள் எல்லாவற்றையும் சின்னத் தாள்களில் அச்சிட்டு, வளையம் வைத்த அட்டைக்குள் கோத்துக் கொடுத்தது. வேண்டிய தாளைச் சேர்க்கலாம், பழையதை எடுக்கலாம். 1921-ல் லண்டனில் நார்மன் அண்டு ஹில் என்ற நிறுவனம் அந்த முறையை இங்கிலாந்துக்குக் கொண்டு வந்தது. அங்கே அதை விரும்பி வாங்கியவர்கள் ராணுவ அதிகாரிகளும் பாதிரியார்களும். இரண்டு பேருமே ஊர் ஊராக மாற்றல் ஆகிறவர்கள், ஆயிரம் விவரங்களைச் சுமந்து திரிகிறவர்கள். வருடம் முடிந்தால் தேதித் தாள் மட்டும் மாறும். முகவரியும், பட்டியலும், மூன்று வருடக் கெடுவும் அப்படியே இருக்கும்.

அந்த நிறுவனத்தில் தற்காலிக வேலைக்குச் சேர்ந்த கிரேஸ் ஸ்கர் என்ற பெண்மணிதான் அதற்கு ஃபைலோஃபாக்ஸ் என்று பெயர் கொடுத்தார். விவரங்களின் கோப்பு என்று பொருள் வரும் ஆங்கிலச் சொற்களின் சேர்க்கை. வாடிக்கையாளர், சரக்கு கொடுப்பவர் விவரங்களை எல்லாம் தன் சொந்த ஃபைலோஃபாக்ஸில் எழுதி, தினமும் வீட்டுக்கு எடுத்துப் போவார். 1940-ல் லண்டன் மீது ஜெர்மனி குண்டு வீசியதில் அலுவலகம் அழிந்து, ஆவணங்கள் எல்லாம் எரிந்து போயின. கிரேஸிடம் இருந்த அந்த ஒரு புத்தகத்தை வைத்துத்தான் கம்பெனியை மறுபடி நிமிர்த்தினார்கள். கிரேஸ் பிற்பாடு அந்தக் கம்பெனியின் தலைவராகவே ஆனார். 1980-களில் லண்டன் பங்குச் சந்தை இளைஞர்கள் அதைக் கையில் வைத்திருப்பதையே அந்தஸ்தாக நினைத்தார்கள் என்பதெல்லாம் பின்கதை. லெட்ஸும் ஃபைலோஃபாக்ஸும் பிறகு ஒரே நிறுவனத்தின் கீழ் வந்தன.

வக்கீல்களுக்கு வேறு கவலை. 1940-களின் பிற்பகுதியில் பென்சில்வேனியாவின் ஆலன்டவுன் நகர வக்கீல் மோரிஸ் பெர்கின் தனக்காக ஒரு டைரி வகுத்தார். அன்றைக்கு யாரைப் பார்க்க வேண்டும், என்ன செய்ய வேண்டும், எந்தக் கட்சிக்காரர் வேலைக்கு எவ்வளவு நேரம் செலவானது, மூன்றும் ஒரே இடத்தில். மணிக்கணக்கில் கட்டணம் வாங்குகிறவருக்கு, எழுதாமல் விட்ட கால் மணி நேரம் கைவிட்டுப் போன காசு. சக வக்கீல்கள் கேட்டு வாங்க, டே-டைமர் என்ற பெரிய வியாபாரமாக அது வளர்ந்தது.

மரக்கட்டையைச் சுமந்தவர்

அப்புறம் மின்னணுக் காலம். 1996-ல் வந்த பாம் பைலட் என்ற கையடக்கக் கருவி, பல பெரிய கம்பெனிகள் தோற்ற இடத்தில் ஜெயித்தது. அதை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ் முதலில் செய்தது என்ன தெரியுமா? சட்டைப்பையில் அடங்கும் அளவுக்கு ஒரு மரக்கட்டையை அறுத்து, அதைப் பல நாள் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். யாராவது நேரம் கேட்டால் கட்டையை வெளியே எடுத்து, அதில் எழுதுவது போலக் குச்சியால் தட்டிப் பார்ப்பார். பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ! ஆனால் எந்த அளவு கையில் நிற்கும், எத்தனை தட்டில் வேலை முடிய வேண்டும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

இந்தக் கட்டைப் பரீட்சையை நாமும் செய்யலாம். ஆயிரம் ரூபாய்ப் பிளானருக்கு முன், அதே அளவில் பத்து ரூபாய் நோட்டு ஒன்றை இரண்டு வாரம் கூடவே வைத்திருங்கள். வீட்டிலேயே விட்டுப் போகிறீர்கள் என்றால் அந்த அளவு உங்களுக்கு ஆகாது.

சரி, உங்களுக்கு எது?

கடைக்குப் போகும் முன் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: எதை மறந்தால் எனக்கோ, என்னை நம்பியவருக்கோ நஷ்டம்? பதிலைப் பொறுத்து:

* மணிக்கணக்கில் கட்டணம் வாங்குபவர் (வக்கீல், ஆலோசகர், வீட்டிலிருந்தே வேலை செய்பவர்): நாளுக்கு ஒரு பக்கம், மணிக்கோடு போட்டது. செய்யப்போவதற்கு ஒரு பத்தி, செய்ததற்கு ஒரு பத்தி.

* சட்டம் வைக்கும் கெடுவில் வாழ்பவர் (ஆடிட்டர், கடைக்காரர்): ஒரு மாதம் முழுவதும் ஒரே பார்வையில் தெரியும் பிளானர். 7-ஆம் தேதி டிடிஎஸ், 20-ஆம் தேதி ஜிஎஸ்டி, 15-ஆம் தேதிகளில் முன்வரி. பக்கத்தைத் திருப்பினால்தான் தெரியும் என்றால் அது உங்களுக்கான டைரி இல்லை.

* நேரம் அடுத்தவர் கையில் இருப்பவர் (டாக்டர், ஆசிரியர், குழுத் தலைவர், குழந்தை வளர்ப்பவர்): மணிக்கோடு வேண்டாம். பிராங்க்ளினே தோற்ற இடம் அது. இரண்டு பக்கத்தில் ஒரு வாரம், ஓரத்தில் வேலைப் பட்டியல் போதும்.

* வருடம் தாண்டி நீளும் வேலை (கட்டட என்ஜினீயர், இன்சூரன்ஸ் ஏஜெண்ட், புராஜெக்ட் பார்ப்பவர்): வளையம் போட்ட ஆர்கனைசர், அல்லது தேதி அச்சிடாத நோட்டு.

* வீடு நடத்துபவர்: சமையலறைச் சுவரில் பெரிய கட்டம் போட்ட மாதக் காலண்டர், கயிற்றில் கட்டிய பேனா. எங்கள் வீட்டில் என் மனைவி முப்பது வருடமாக வைத்திருப்பது இதுதான். வீட்டில் யார் வேண்டுமானாலும் எழுதலாம். பசியோலி பார்த்திருந்தால் மெச்சியிருப்பார்.

* ஓய்வு பெற்றவர்: நமக்கு எதற்கு டைரி என்று நினைக்காதீர்கள். நவம்பரில் ஆயுள் சான்றிதழ், எஃப்.டி. முதிர்வு, மெடிக்கல் பாலிசி, லாக்கர் வாடகை. சின்ன டைரி ஒன்று கட்டாயம்.

செல்போன் இருக்கிறதே என்பீர்கள். நானும் வைத்திருக்கிறேன். மணி அடிப்பதில் அதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் அது அடிக்கும்போது நாம் பேருந்தில் இருப்போம், விரலால் தள்ளிவிட்டு மறந்துவிடுவோம். அதனால் எழுப்புவதற்குப் போன், யோசிப்பதற்குத் தாள் என்று நான் பிரித்து வைத்திருக்கிறேன். எதில் எழுதினாலும் கிரேஸ் அம்மையாரை நினைத்துக்கொண்டு, முக்கியமானதற்கு வேறு இடத்தில் ஒரு நகல் வையுங்கள்.

இன்னும் ஒன்று மட்டும். பத்து ஆண்டு யாரும் தொடாத வங்கி டெபாசிட், ரிசர்வ் வங்கியின் தனி நிதிக்குப் போய்விடுகிறது. உரியவர் கேட்டால் திரும்பக் கிடைக்கும், உத்கம் என்ற இணையதளத்தில் தேடவும் செய்யலாம். ஆனால் இருக்கிறது என்று தெரிந்தால்தானே தேடுவார்கள்? எழுதி வைத்தவருக்கு மட்டும் தெரிந்த கணக்கு, அவரோடு போய்விடுகிறது. வங்கிக் கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருந்து அதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

ஆகவே எந்த டைரி வாங்கினாலும் அதன் கடைசிப் பக்கத்தை இன்றே எழுதிவிடுங்கள். ஒரு பாதியில் அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோக வேண்டிய தேதிகள். மறு பாதியில் எந்த வங்கி, எந்தப் பாலிசி, நாமினி யார், சாவி எங்கே. ரகசிய எண்கள் வேண்டாம். அந்தப் பக்கம் இருப்பதை வீட்டில் ஒருவரிடம் சொல்லி வையுங்கள்.

டைரி இன்னும் வாங்கவில்லையா? வெள்ளைத் தாள் இருக்கிறதே. என் மேனேஜரிடம் சொல்லாமல் விட்ட நன்றியை இப்படியாவது சொல்லிக்கொள்கிறேன்.

மீதமுள்ள டைரிகள் சங்க அலுவலக அலமாரியில் இருக்கின்றன. வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம். பொங்கலுக்குப் பிறகும் எழுதுகிறவர்களுக்கு முன்னுரிமை!

அன்புடன்,
ஓய்வு பெற்ற வங்கி ஊழியர், சி பிளாக்